நரியோடைக்குள் போன பாய்ப்படகு

"வரமாட்டேன்னு நான் சொல்லல தங்கச்சி. மேல பாரு. வானம் இருக்கிற இருப்பைப் பாரு!"

படகுக்காரன் வைரக்கண்ணு கை நீட்டிய பக்கம் ஹாஜரா பார்த்தாள். ஐப்பசி மாதத்து விடியல். கிழக்கே சூரியன் வந்ததற்கான அடையாளமே இல்லை. ஈரச் சாம்பலைக் குழைத்துப் பூசியதுபோல வானம் தாழ்ந்து கிடந்தது. வாடைக்காற்று விட்டுவிட்டு வீசி, ஆற்றங்கரைத் தென்னைகளை ஒரே பக்கமாக வளைத்தது. கோரையாறு செந்நிறத்தில் சுழித்துக்கொண்டு, முத்துப்பேட்டைக்குத் தெற்கே இருக்கும் காயலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. வங்கக்கடலில் புயல் சின்னம், யாரும் படகு எடுக்கக்கூடாது என்று நேற்று சாயங்காலமே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். துறையில் இருந்த படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன.

ஒரு படகைத் தவிர. அது ஹாஜராவின் வாப்பா அபுசாலியுடைய சின்ன வள்ளம். நேற்று விடியற்காலையில் அதைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனவர், "அஸருக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். சாயங்காலத்து அஸர் தொழுகை போய், அந்தி மஃரிப் போய், இரவும் போய்விட்டது. ஆள் வரவில்லை.

"போலீஸ் படகு மத்தியானத்துக்கு மேலதான் வருமாம்," என்றான் ஹாஜராவின் அண்ணன் ரிபாய். பட்டுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவன். நீச்சல் தெரியாது. படகு என்றாலே வயிற்றைப் புரட்டும். "நாகையிலேர்ந்து வரணுமாம். வந்தாலும் ஓடைக்குள்ள நுழையாது, அவ்வளவு பெரிசு."

"அமாவாசைக் கடல் ஏத்தம் இன்னிக்கு. ஆத்துலயும் வெள்ளம்," என்றாள் ஹாஜரா. அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "மத்தியானத்துக்குள்ள திட்டெல்லாம் முங்கிடும் காக்கா."

வாப்பா எதைத் தேடிப் போனார் என்பது அவளுக்குத் தெரியும். அலையாத்திக் காட்டுக்குள் நண்டு பிடிக்கப் போனவர்களின் வலையில் போன மாதம் ஒரு பீங்கான் துண்டு சிக்கியது. வெள்ளைப் பீங்கானில் நீல மீன். அன்றிலிருந்து வாப்பாவுக்குத் தூக்கம் இல்லை. அந்தக் காலத்தில் கடலுக்கு அப்பால் அச்சேயிலிருந்து சரக்கு ஏற்றி வந்த பாய்க்கப்பல் ஒன்று காயலுக்குள் புகுந்து சேற்றில் அமிழ்ந்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பொன் இருந்தது என்றும் சொல்வார்கள். "போன புயல்ல மரம் சாஞ்சு சேறு கலைஞ்சிருக்கு. கப்பல் மேல வந்திருக்கும்மா! நரியோடைப் பக்கம்தான். நீயும் வர்றியா?" என்று அவளைக் கூப்பிட்டார். பருவமழை நேரத்தில் என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவள் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தனியாகப் போய்விட்டார்.

உம்மா ஜெமிலா முக்காட்டின் நுனியைக் கடித்தபடி கரையில் நின்றிருந்தாள். இரவெல்லாம் அழுத கண்கள்.

"அவருதான் போயிட்டாரு. பெத்த ரெண்டையும் நானே தள்ளி விடணுமா?"

"உம்மா, வைரக்கண்ணு அண்ணன் இருக்காங்க. பாய் கட்ட எனக்கும் தெரியும்."

"எப்பவோ பத்தாவது படிக்கையில கட்டினது!"

"கை மறக்கலம்மா."

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தான். முப்பது வயது. அபுசாலியோடு சேர்ந்து பல வருடம் காயலில் வலை போட்டவன். அவனுடைய படகின் எஞ்சின் பழுது பார்க்கப் போயிருந்தது. ஆனால் பாய்மரமும் பாயும் இருந்தன. அவன் ஜெமிலாவின் முகத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பிறகு படகின் முன்முனையான அணியத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

"ஏறுங்க! பேசிக்கிட்டு நின்னா காத்து கூடிப்போவும்!"

* * *

ஆற்று வெள்ளமும் பின்காற்றும் சேர்ந்து படகை விரட்டின. கரைகள் ஓடி மறைந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் கரையே இல்லாமல் போய், எதிரே காயல் விரிந்தது. பழுப்பு நீர், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் சின்ன அலைகள். ஆழம் இல்லாத நீரில் எழும் அலை குட்டையாக இருந்தாலும் அடி பலமாக விழும். ஒவ்வொரு அடிக்கும் படகு குலுங்கியது. தூரத்துத் திட்டில் பூநாரைக் கூட்டம் ஒன்று காற்றுக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

"பாயைச் சுருக்கு! பாதி போதும்!" சுக்கானைப் பிடித்திருந்த வைரக்கண்ணு கத்தினான்.

ஹாஜரா கயிற்றைத் தளர்த்தி, பாயின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டினாள். கை உண்மையிலேயே மறக்கவில்லை. ரிபாய் படகின் பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த தண்ணீரை இறைத்தான். மறுபடி வாந்தி எடுத்தான். ஆனால் இறைப்பதை நிறுத்தவில்லை.

"அங்க! மஞ்சளா ஏதோ!" என்றான் திடீரென்று.

அலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கேன் ஆடிக்கொண்டு வந்தது. ஹாஜரா குனிந்து எட்டிப் பிடித்தாள். வாப்பாவின் தண்ணீர் கேன். கைப்பிடியில் கட்டிய பச்சை நாடா அப்படியே இருந்தது. வள்ளத்தின் அடியில் கட்டி வைத்திருப்பாரே! கேன் தனியாக வருகிறதென்றால் வள்ளம் எங்கே? வள்ளத்தில் இருந்தவர் எங்கே?

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கேன் கிழக்கேருந்து வருது," என்றான் வைரக்கண்ணு கடைசியில், ரொம்ப மெதுவாக. "காட்டுப் பக்கந்தான். சரியாத்தான் போயிக்கிட்டிருக்கோம்."

* * *

அலையாத்திக் காடு கரும்பச்சைச் சுவர்போல எழுந்தது. அதில் அடுத்தடுத்து மூன்று ஓடை வாய்கள். மூன்றும் ஒரே மாதிரி!

"இதுல நரியோடை எதுண்ணே?" என்றாள் ஹாஜரா.

"முன்னெல்லாம் வாயில ஒரு பெரிய மரம் நிக்கும். புயல்ல அதுவும் போயிடுச்சு." வைரக்கண்ணு கண்ணைச் சுருக்கினான். "நடுவுல உள்ளதுதான். நடு ஓடை."

உள்ளே நுழைந்ததும் காற்று அறுந்தது. பாய் தொங்கியது. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே இலைகள் இரைந்தன, கீழே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றிலிருந்து ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் முங்கிவிட்டன. "வாப்பா!" என்று ஹாஜரா கத்தினாள். காடு அந்தக் குரலை விழுங்கிக்கொண்டது.

இரண்டு வளைவு தாண்டியதும் வழி அடைத்துவிட்டது. சாய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

"தப்பு ஓடை!" வைரக்கண்ணு பல்லைக் கடித்தான். "திருப்பு, திருப்பு!"

திருப்புகையில் பாய்மரம் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. அவன் அரிவாளை எடுத்து எம்பி ஒரு வெட்டு வெட்டினான். அவசரத்தில் அது என்ன மரம் என்று பார்க்கவில்லை. தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையை மறைத்துவிடும் என்பது காயலில் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வெட்டுப்பட்ட கிளையிலிருந்து வெள்ளையாகத் தெறித்தது.

"ஆத்தா! கண்ணு! கண்ணு போச்சே!"

அரிவாள் தண்ணீரில் விழுந்தது. அவன் படகின் அடியில் சுருண்டான். ரிபாய் பாய்ந்து போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குடிதண்ணீரைக் கண்ணில் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான். வாப்பாவின் கேனில் இருந்த தண்ணீரும் தீர்ந்தது. வைரக்கண்ணு இமையைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கிவிட்டன.

"ஒண்ணும் தெரியல தம்பி. ஒரே நெருப்பா இருக்கு."

ரிபாய் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். "ஹாஜரா, திரும்பிடுவோம். ஒருத்தரைத் தேட வந்து இன்னொருத்தர் கண்ணைப் பறிகொடுக்கணுமா? இவங்க வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

அவன் சொன்னது நியாயம். ஹாஜராவுக்கு அது தெரிந்துதான் இருந்தது. மஞ்சள் கேனை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பினால் வாப்பா, போனால் வைரக்கண்ணு. இரண்டில் ஒருவரை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

வைரக்கண்ணுதான் பேசினான். "எதிர்க்காத்துல ஊருக்குத் திரும்பறது இப்ப ஆவாத காரியம் தம்பி. எப்படியும் காட்டோரமாத்தான் ஒதுங்கி நிக்கணும். அதுக்கு அடுத்த ஓடைக்குள்ள போயி நிப்போம். தங்கச்சி, சுக்கானைப் புடி. நீதான் இனிமே கண்ணு."

* * *

தெற்கு ஓடைக்குள் படகு நுழைந்தபோது சுக்கான்கட்டை ஹாஜராவின் கையில் இருந்தது. ரிபாய் கழி போட்டான்.

"வாப்பா! வாப்பா!"

பதில் வந்தது! ஆனால் மனிதக் குரல் இல்லை. நீளமான ஊளை. ஒன்று, அதற்குப் பதிலாக இன்னொன்று, பிறகு ஒரு கூட்டமாக.

வளைவு திரும்பியதும் பார்த்தார்கள். ஒரு கோரைப்பாய் விரித்த அகலமே உள்ள மேட்டில் நரிகள் உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு நின்றன. சுற்றிலும் தண்ணீர். அவை படகைப் பார்த்து ஓடவில்லை, ஓட இடமும் இல்லை. ஈரக் காதுகளை மடக்கிக்கொண்டு வெறித்துப் பார்த்தன.

"நரி இருக்குன்னா இதான் நரியோடை," என்றான் வைரக்கண்ணு, மூடிய கண்ணோடு. "மேடு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"கொஞ்சந்தாண்ணே."

"அப்ப நமக்கும் நேரம் கொஞ்சந்தான்."

அவன் சட்டென்று கையை உயர்த்தினான். "சத்தம் போடாதீங்க. கேளுங்க!"

டங்... டங்...

இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். நின்றது. மறுபடி, இன்னும் மெல்ல, டங்.

"வாப்பா!" ஹாஜரா தொண்டை கிழியக் கத்தினாள். ரிபாய் வெறிபிடித்தவன்போலக் கழி போட்டான். ஓடை முடிந்து, புயலில் மரமெல்லாம் சாய்ந்துபோன ஒரு வெட்டவெளி வந்தது. அங்கே சேற்று நீருக்கு மேலே, பெரிய மீனின் முள்போல, கறுத்த மரவிலாக்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. கப்பல்! ஆனால் அதைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. இரண்டு விலாக்களுக்கு நடுவே, மார்புவரை தண்ணீரில், விலாவின் இரும்புப் பட்டையில் தட்டிய கடப்பாரையோடு வாப்பா நின்றிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"வந்துட்டியாம்மா," என்றார். குளிரில் பல் அடித்துக்கொண்டது. "உள்ள இன்னும் ஏதோ கெடந்துச்சு. இழுத்தேன். மேல இருந்த கட்டை சரிஞ்சு காலைப் புடிச்சுக்கிச்சு. வள்ளமும் அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ராத்திரி ஏத்தத்துல கழுத்துவரை வந்து வடிஞ்சுது. இப்ப வர்றது வடியாது."

ரிபாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நீச்சல் தெரியாதவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். கையை விட்டுத் தடவிப் பார்த்தான். தொடையளவு பருமனுள்ள குறுக்குக்கட்டை ஒன்று வாப்பாவின் முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மூன்று பேர் இழுத்தார்கள். அசையவில்லை. தண்ணீர் வாப்பாவின் தோளுக்கு வந்துவிட்டது.

"ஆள் பலத்துக்கு அசையாது," என்றாள் ஹாஜரா. திடீரென்று மேலே பார்த்தாள். வெட்டவெளியில் மரங்கள் இல்லாததால் வாடை முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது. தொங்கிய பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அண்ணே! கட்டையில கயிறு கட்டி, பாயை முழுசா விரிச்சா?"

வைரக்கண்ணு வீங்கிய முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "படகு இழுக்கும். ஆனா காத்து கூடுனா பாய்மரம் முறியும், இல்லாட்டி படகு கவுந்துடும். நீ புடிப்பியா?"

"புடிப்பேன்."

கட்டையில் கயிறு ஏறியது. ரிபாய் கடப்பாரையை அதன் அடியில் செருகி, ஒரு கையால் வாப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டான். வைரக்கண்ணு படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, இழுகயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்தான். பார்வை இல்லாவிட்டாலும் கயிற்றின் விறைப்பு விரல்களுக்குத் தெரியுமே!

ஹாஜரா பாயை விரித்தாள்.

டப்பென்று காற்று நிறைந்தது. படகு பாய்ந்தது, கயிறு விறைத்தது, படகு நின்று ஒருபக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே புரண்டது.

"விடு! கொஞ்சம் விடு!" என்றான் வைரக்கண்ணு. "இப்ப இழு! புடி, புடி!"

பாய்க்கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்தது. விட்டாள், பிடித்தாள். தண்ணீர் வாப்பாவின் தாடையைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கடைசி மூச்சுக்கு முன் சொல்லும் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த முணுமுணுப்பு காதில் விழுந்ததும் ஹாஜராவுக்குள் ஏதோ வெடித்தது.

"அதெல்லாம் இப்பச் சொல்லாதீங்க வாப்பா!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

பெரிய காற்று ஒன்று காட்டை அலைக்கழித்துக்கொண்டு வருவது கேட்டது. "வருது தங்கச்சி, இதுதான்! விடாதே!" படகு சாய்ந்தது, பாய்மரம் முனகியது, ரிபாய் கடப்பாரையில் முழு உடம்பையும் போட்டான். மடார் என்று ஒரு சத்தம். கயிறு தளர்ந்தது. படகு துள்ளி ஓடி ஒரு புதரில் போய் முட்டியது.

ஹாஜரா திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

"வந்துடுச்சு!" ரிபாயின் குரல். "கால் வந்துடுச்சு ஹாஜரா!"

* * *

வாப்பாவைப் படகில் தூக்கிப் போட்டபோது அவரால் உட்காரவும் முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் கருத்துப்போயிருந்தது. ஹாஜரா அவரைக் கட்டிக்கொண்டாள். உடனே தள்ளி உட்கார்ந்தாள். இரவெல்லாம் சேர்த்துவைத்த கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

அவர் பார்வை மட்டும் வெட்டவெளி ஓரத்தில் சாயாமல் நின்ற ஒரு மரத்தின் பக்கம் போயிற்று. கவட்டையில் ஏதோ துண்டால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. நீல மீன் போட்ட பீங்கான் சாடி. வாய் தாரால் அடைக்கப்பட்டிருந்தது.

"அது கெடக்கட்டும்," என்றார் அவர் தலையைக் குனிந்து. "போவோம்மா."

ஹாஜரா படகை மரத்தடிக்கு விட்டு, எம்பி முடிச்சை அவிழ்த்தாள். சாடி கனத்தது.

"எடுத்துட்டே போவோம். இல்லேன்னா நாளைக்கே மறுபடி கெளம்பி வருவீங்க."

ரிபாய் சிரித்துவிட்டான். அன்று முதல்முறையாக.

ஆனால் ஆபத்து முடியவில்லை. ஊர் வடக்கே இருந்தது, காற்றும் வடக்கிலிருந்தே. "மேற்குக் கரைக்குப் போறேன் அண்ணே," என்றாள் ஹாஜரா. "உப்பளத்துல ஏறிக்கலாம்." வைரக்கண்ணு தலையசைத்தான். காயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு படகு பறந்தது. ஆற்று வெள்ளமோ எல்லாவற்றையும் தெற்கே முகத்துவாரத்துக்கு, கடலுக்கு, இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே அலை உடையும் இரைச்சல் வரவரப் பெரிதாகியது. மழையும் பிடித்துக்கொண்டது. கரை எது, வானம் எது என்று தெரியவில்லை. வாப்பா படுத்தபடியே தண்ணீர் இறைத்தார். "காத்துப் பக்கம் ஏத்திப் புடி, இன்னும் ஏத்து," என்று அவர் வாய்வரை வந்த வார்த்தையை ஒருமுறை விழுங்கிக்கொண்டதை ஹாஜரா கவனித்தாள். அவள் ஏற்கெனவே ஏற்றித்தான் பிடித்திருந்தாள்.

இரைச்சல் இடது காதிலிருந்து மெல்ல முதுகுப் பக்கம் போயிற்று. பிறகு தேய்ந்தது. படகின் அடி சேற்றில் உரசி நின்றது.

எதிரே உப்பளத்துக் கொட்டகை. உள்ளே இரண்டு தொழிலாளிகள் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்து நால்வரையும் தூக்கிக் கொண்டுபோனார்கள். ஒருவர் லோடு ஆட்டோவுக்குப் போன் செய்தார். ரிபாய் சாடியை அடுப்போரம் வைத்தான். வைத்த வேகத்தில் வாயின் தார் உடைந்து சிதறியது. உள்ளே இருந்து ஒரு கட்டி துள்ளித் தணலில் விழுந்தது.

வைரக்கண்ணு கண்ணில் ஈரத் துணியோடு மூலையில் படுத்திருந்தான். தலையைத் தூக்கினான்.

"யாரு சாம்பிராணி போட்டது?"

எல்லோரும் சாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பொன் இல்லை. விளிம்புவரை பழுப்புக் கட்டிகள். எத்தனையோ காலம் சேற்றில் கிடந்தும் மணம் போகவில்லை! உப்பும் சேறும் டீயும் நாறிய அந்தக் கொட்டகை முழுவதும் வெண்புகை நிறைந்தது. வாப்பா மட்டும் மெதுவாக முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பொன் இல்லாததற்காக இல்லை என்பது ஹாஜராவுக்குப் புரிந்தது. அவருடைய ஈரத் தலையில் கை வைத்தாள்.

* * *

அரசு மருத்துவமனையில் வைரக்கண்ணுவின் கண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. முதலில் தெரிந்தது ரிபாயின் முகம். "நல்லவேளை தம்பி, நீ வாந்தி எடுக்கறத நான் பாக்கல" என்றான். வாப்பாவின் காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. சாடியைத் தாசில்தாரிடம் ஒப்படைத்தார்கள். மழை விட்டதும் கப்பலைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்றார். ஊரில் சிறுபிள்ளைகள் ஹாஜராவைப் பார்த்ததும், "சாம்பிராணிக் கப்பல்!" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

உம்மா முதல்நாள் மருத்துவமனை வாசலில் ஓடி வந்து இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்தபோது, திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி இது, சாவுல தப்பிச்சு வர்றீங்கன்னு பாத்தா, சாம்பிராணி போட்டு மவுலூது ஓதின வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மணக்கிறீங்க!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

அன்று சாயங்காலம் கட்டிலில் கிடந்த வாப்பா மகளைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்தினார், மறுபடி பார்த்தார்.

"அந்த எடத்துல இன்னொரு சாடி இருந்துச்சும்மா..."

"வாப்பா!"

"இல்ல இல்ல, சும்மா சொன்னேன்."

ஹாஜரா கட்டு போட்ட உள்ளங்கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை இன்னும் விடவில்லை.

"தை மாசம் வரட்டும்," என்றாள். "காத்து அடங்கட்டும். நாலு பேரும் சேந்து போவோம். நீங்க அணியத்துல உக்காரணும். சுக்கான் எங்கிட்ட."

அவர் நல்ல பிள்ளைபோலத் தலையை ஆட்டினார்.